ஒரு ரூபாய் டிக்கெட், ரெண்டு ரூபாய் கம்பெனி

தேனிக்காரனுக்கு ஆகாயத்தோடு அண்ணாந்து பார்க்கிற உறவுதான். 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இருந்த ஒரே மீட்டர்கேஜ் ரயிலையும் நிறுத்தி, அகலப்பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போனார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022-ல், போடிக்கு 2023-ல். நாங்கள் தண்டவாளம் இல்லாமல் கிடந்த அந்தக் காலத்தில்தான் நாட்டில் ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட் விற்றார்கள்.

இந்தப் புராணத்தின் ஆதிகர்த்தா கேப்டன் கோபிநாத். 2003-ல் ஏர் டெக்கானைப் பறக்கவிட்டு, ஒரு ரூபாய் டிக்கெட் என்று ஆசை காட்டியவர். கர்நாடகக்காரர்தான்; 2020-ல் சூர்யா படத்தின் புண்ணியத்தில் சோழவந்தான்காரர் ஆனார். டிக்கெட் விலை தரையில் கிடந்தால் கணக்கு மட்டும் வானத்திலா இருக்கும்? 2007-ல் ஏர் டெக்கான் விஜய் மல்லையா கைக்குப் போனது. சாராய முதலாளி ஓட்டினால் வண்டி தள்ளாடாதா? 2012 அக்டோபரில் அவருடைய கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி மொத்தமாகப் படுத்தது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. முதலாளியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு 2015 டிசம்பரில் கோவாவில் என்ரிக்கே இக்லேசியாஸ் வந்து பாடினார். அடுத்த பிப்ரவரியில், மதுக் கம்பெனித் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மல்லையாவுக்கு 7.5 கோடி டாலர் தர, அந்தக் கம்பெனியை வாங்கியிருந்த டியாஜியோ ஒப்புக்கொண்டது. உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களை எல்லா ஆபீசிலும் பார்த்திருக்கிறோம். எழுந்திருப்பதற்குக் கூலி வாங்கியவரை அப்போதுதான் பார்த்தோம்.

நம்மூர்ப் படலத்துக்கு வருவோம். 2010-ல் கலாநிதி மாறன் ஸ்பைஸ்ஜெட்டை வாங்கினார். 2013-14-ல் அதற்குச் சுமார் 1,000 கோடி நஷ்டம். அதே வருடம் சன் டிவியில் அவருக்கும் மனைவி காவேரிக்கும் சம்பளம் ஆளுக்கு 50 கோடிக்கு மேல். அந்தப் பணம் விமானத்தில் வந்ததல்ல, நம் வீட்டுப் பெண்கள் சீரியல் பார்த்து விட்ட கண்ணீரில் வந்தது. 2014 ஏப்ரல் முதல் தேதி ஸ்பைஸ்ஜெட் அறிவித்தது: டிக்கெட் ஒரு ரூபாய், வரி தனி. தேதியைப் பார்த்து நாங்கள் நம்பவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நம்பி, நிறுத்தச் சொல்லிவிட்டது.

அந்தச் செய்தி வந்த பேப்பர், கம்பத்தில் மாமாவின் மண்டியில் திராட்சைப் பெட்டிக்கு அடியில் விரிந்து கிடந்தது. பன்னீர் திராட்சைச் சாறு பட்டு விமானம் ஊதா நிறமாகியிருந்தது. ஒரு ரூபாய்க்கு எங்கள் கண்டக்டர் உத்தமபாளையம் வரை படியில்கூட நிற்க விடமாட்டாரே, எப்படி மாமா என்றேன்.

“காலி சீட்டுங்கறது மழையில வெடிச்ச பழம், மாப்ள. வண்டி கெளம்பிட்டா குப்பை. கெடச்ச வெலைக்குத் தள்ளுறது நாயம். இவிங்க எப்பப் போற வண்டிக்கு விக்கிறாங்க?”

“ஜூலைல இருந்து.”

“அப்ப அது பழம் இல்ல, பூவு. பூவுலயே அட்வான்ஸ் வாங்குறவன் மருந்துக்கடைக்குப் பாக்கி வச்சிருக்கான்னு அர்த்தம்.”

மருந்துக்கடை என்றது பெட்ரோல் கடை. விமான எரிபொருளுக்கு அப்போது தமிழ்நாட்டில் வாட் வரியே 29 சதவீதம். 2014 டிசம்பர் 17 அன்று எண்ணெய் கம்பெனிகள், காசை வைத்தால்தான் ஊற்றுவோம் என்று கைவிரித்தன. ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் பல மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றன. பூவில் வாங்கிய அட்வான்ஸ் எந்த ஓட்டைக்குப் போனதோ!

2015 தொடக்கத்தில் மாறன் தன் 58.46 சதவீதப் பங்கை, கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஜய் சிங்கிடமே கொடுத்தார். விலை 2 ரூபாய் என்றன செய்திகள். பிற்பாடு ரெண்டு பேரும் வருடக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நின்றது தனிக் காண்டம்.

சேதி கேட்ட மாமா சட்டைப்பையைத் துழாவி ரெண்டு ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

“நம்ம கிட்டச் சொல்லியிருந்தா எடுத்திருக்கலாமே மாப்ள. கடன் எவ்வளவாம்?”

“ஆயிரம் கோடிக்கு மேலயாம்.”

நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டீக்கடைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லி பையனிடம் கொடுத்தார்.