நெல் ஈரமானித் தேர்வியல்: காவிரிப் படுகையை முன்வைத்து

நெல்லின் ஈரப்பதம் மூன்று வகைப்படும். நெல்லுக்குள் இருப்பது ஒன்று. விவசாயியின் மீட்டர் காட்டுவது இன்னொன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மீட்டர் காட்டுவது மற்றொன்று. முதலாவதைக் கண்டவர் இல்லை. காசாவது கடைசி வகை மட்டுமே. ஆகவே நடுவில் உள்ளதைக் கடைசியோடு ஒத்துப்போகச் செய்வது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள்.

மீட்டருக்கு முந்திய காலத்தைப் பல்லியல் காலம் எனலாம். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பேட்டரி தேவைப்படாத முறை. ஆனால் வயது ஏற ஏறக் கருவி ஒவ்வொன்றாக உதிரும். கட்டிய பல்லில் பழைய துல்லியம் வாய்ப்பதில்லை. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சில்லிப்பை உணரும் கையியலார் இவர்களுக்கு எதிர்ப்பள்ளி. உப்புப் பள்ளியினர் சிறுபான்மையினர்: காய்ந்த உப்பையும் நெல்லையும் கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைப்பார்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். முறை சரியானதுதான். கொள்முதல் நிலையத்தில் உப்பு பாட்டிலை நீட்டி வாதிட்டு வென்றவர்தான் கிடைக்கவில்லை.

அங்கே வழக்கமான வரம்பு 17. நாற்பது கிலோச் சிப்பத்தில் ஈரம் 20 விழுக்காடு என்றால் அதில் 8 கிலோ தண்ணீர். 17க்குக் காயவைத்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆவியாகிவிடும். விவசாயி விற்க நினைப்பதும் அரசு வாங்க மறுப்பதும் அந்த ஒன்றரைக் கிலோவைத்தான். காவிரி நீர்ப் பங்கீட்டில் இன்னும் நடுவர் மன்றம் ஏறாத வழக்கு இது ஒன்றே.

17 என்பதும் இயற்கை மாறிலி அன்று. 2023 பிப்ரவரியில் அறுவடைக்குள் மழை புகுந்தபோது, 22 வரை அனுமதிக்க வேண்டும் என்று மாநில அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி அள்ளிச் சென்றது. பொருள் களத்தில் கிடக்க, அளவுகோல் டெல்லியில் நீள்வது இயற்பியலில் அபூர்வம்.

இனிக் கருவி. நெல்லை நசுக்கி மின்தடையை அளப்பது ஒரு வகை: ஈரம் கூடினால் தடை குறையும். குவளையில் கொட்டி மின்தேக்குத் திறனை அளப்பது மற்றொன்று. குவளை வகைக்குக் கொட்டும் கை சீராக இருக்க வேண்டும். அழுத்தித் திணித்தால் எண் மாறும். வெயில் சூடு ஆறாத நெல்லும் எண்ணைக் குழப்பும் என்பதால் வெப்பத் திருத்தம் உள்ளதாகப் பார்ப்பது நலம். நெல்லுக்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும். கோதுமைக் கணக்கில் நெல்லை அளந்தாலும் ஓர் எண் வரும். அது யாருடைய ஈரம் என்பது தெரியாது.

களத்தில் வாரிய கையோடு அளந்தால், மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் மணி குறைத்துக் காட்டக்கூடும். இரவு குவித்து வைத்துக் காலையில் அளந்தால் எண் ஏறியிருக்கும். பங்காளி தண்ணீர் தெளித்துவிட்டான் என்னும் ஐயம் பிறக்கும் வேளை இது.

மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆய்வகத்தில் நெல்லை அரைத்து, 130 டிகிரி வெப்ப அடுப்பில் காயவைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். தீர்ப்பு வருவதற்குள் மழை வந்துவிடும்.

எனவே நம் முடிபு: ஒரே கைப்பிடி நெல்லை நிலையத்து மீட்டரிலும் நம் மீட்டரிலும் அளந்து பார்க்க வேண்டும். நம்முடையது ஒன்று கூட்டிக் காட்டினால் பாதகமில்லை. என்றைக்கும் அதே ஒன்றைக் கூட்டட்டும். அந்த வித்தியாசத்தை அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். இன்று ஒன்றும் நாளை மூன்றும் கூட்டுகிற கருவியைவிடத் தாத்தாவின் கடைவாய் மேல். இரவல் போன மீட்டர் பேட்டரி இல்லாமல் திரும்பி வருவது ஏன் என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது.