மூன்று மாநிலக் கணக்கர்

பிளஸ் டூ முடிவு வெளியான நாள் முதல் பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை, நெல் அரவை ஆலைகளும் பட்டுத் தறிகளும் நிறைந்த களம்பூரில் எவராலும் நியமிக்கப்படாத ஓர் அதிகாரி தோன்றுவது வழக்கம். ஊரார் 'கவுன்சலிங்காரர்' என்றழைக்கும் இவர், ஓய்வுபெற்ற எழுத்தராகவோ, தம் மகனை ஒருமுறை கல்லூரியில் சேர்த்த அனுபவத்தையே மூலதனமாகக் கொண்டவராகவோ இருப்பார். களம்பூரில் இருந்துகொண்டே 'ஆரணி ரோடு' என்று பெயர் தாங்கும் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க்கடைப் பலகையே இவரது அலுவலகம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லாமையால், கணித மதிப்பெண் முழுவதையும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதியையும் கூட்டி 200-க்குக் கணக்கிடும் 'கட்-ஆஃப்' என்னும் தரமதிப்பெண்ணே மாணவரின் இடத்தை முடிவு செய்கிறது. 88, 78, 82 என்று சொல்லி முடிப்பதற்குள் 168 என்று அறிவிக்கும் கவுன்சலிங்காரர், அன்று முதல் அந்தப் பையனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, தெருவில் கண்டால், "என்னப்பா 168, அப்பா சௌக்கியமா?" என்றே விசாரிப்பார்.

இவரது மேதைமை முழுமையாக வெளிப்படுவது மாநிலங்களை ஒப்பிடுகையில்தான். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மூன்று கட்டங்கள் வரைந்து, தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம் என்று தலைப்பிட்டு, கல்விக் கட்டணம், விடுதி, உதவித்தொகை, பேருந்துச் செலவு ஆகியவற்றை வரிசையாக எழுதுவார். காட்பாடி வழியே திருப்பதிக்கு ரயில் செல்வது நினைவுக்கு வந்தால், ஓரத்தில் ஆந்திரத்துக்கும் இடம் ஒதுக்குவார். இறுதிக் கூட்டலில் வெளி மாநிலம் ஏதேனும் ஒன்று சில ஆயிரம் ரூபாய் குறைவாக வந்துவிட்டால், அந்த மிச்சத்தைத் தாமே ஈட்டித் தந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்வார்.

எழுதாமல் விடுவது ஒன்றே ஒன்று, தகுதி. புதுச்சேரி ஒதுக்கீட்டுக்கு அங்கே ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். கர்நாடக அரசு ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக அம்மாநிலத்தில் ஏழாண்டு படித்திருக்க வேண்டும். ஆந்திரத்தில் 85 விழுக்காடு இடங்கள் உள்ளூர்ப் பகுதியினர்க்கு உரியவை. களம்பூரை விட்டு நகராத பையனுக்குப் பெங்களூர்க் கட்டணம் மலிவாயிருந்து ஆவதென்ன என்னும் ஐயம், கட்டங்கள் நிறையும் வரை கவுன்சலிங்காரருக்கு எழுவதில்லை.

"அண்ணா, தறி நின்னு கெடக்குது, முடிவா சொல்லுங்க" என்று நெசவாளத் தந்தை எழுந்த பிறகே, "பையன் எந்த ஸ்கூல்?" என்ற கேள்வி பிறக்கும். "ஆறாவதுலேருந்து கவர்மென்ட் ஸ்கூல்தாண்ணா" என்ற விடை வந்ததும் நாட்காட்டித் தாள் பயனற்றுப் போகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது; அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இலவசம் என்றானபின் ஒப்பிட எதுவும் எஞ்சாத துயரத்தில், கவுன்சலிங்காரர் இரண்டாவது தேநீரைத் தம் கணக்கிலேயே எழுதச் சொல்வார்.

எனினும் மனம் தளர்பவர் அல்லர். தனியார் பள்ளியில் படித்த பிள்ளை வந்தால், குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத வீட்டுக்கு உரிய 'முதல் தலைமுறைப் பட்டதாரி' கட்டணச் சலுகையை நினைவூட்டுவார். அதை மூத்த மகள் ஏற்கெனவே பெற்றிருந்தால் தம்பிக்குக் கிடையாது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே அது உரியது என்னும் விதியை, தாமே இயற்றியவர் போன்ற கண்டிப்புடன் விளக்குவார்.

இத்தகையோரால் தீங்கொன்றுமில்லை, காசு வாங்காமல் கணக்குப் போடுபவர்கள் ஊருக்குத் தேவையே. ஆனால் பெற்றோர் அவரிடம் செல்வதற்கு முன் இ-சேவை மையத்துக்குச் சென்று சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. எந்த மாநிலத்துக் கட்டணம் குறைவு என்று கவுன்சலிங்காரர் எப்போது வேண்டுமானாலும் சொல்வார், சான்றிதழுக்கோ கடைசி நாள் உண்டு.