பலத்துக்குப் பட்டா மாறுதல் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: பாலியூரித்தேன் பசை தயாரித்து விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுத் தலைவர்கள்
அனுப்புநர்: நாற்காலிக் கால் ஆடுகிற குடும்பங்களின் சார்பில் ஒருவர்
பொருள்: புட்டியின் பெயரில் உள்ள 'பலம்' என்ற சொத்தை, அதை உண்மையில் உழுது பயிரிடுபவரின் பெயருக்கு மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக

ஐயா, அம்மையீர்,

உங்கள் புட்டியின் முகப்பைப் பார்த்தாலே கைகூப்பத் தோன்றுகிறது. மார்பு விரித்த விலங்கு, இல்லாவிட்டால் நரம்பு புடைத்த ஒரு புஜம். அதன் கீழே அதீத பலம், நீருக்கு அசையாது, மரம், கல், உலோகம், பீங்கான், கண்ணாடி என ஒரு பட்டியல், பட்டியலின் வாலில் 'இன்னும் பல'. புட்டியைத் திருப்பினால் எறும்புக்கு மட்டுமே புலப்படும் எழுத்தில் நான்கு கட்டளைகள்: ஒரு பரப்பை லேசாக ஈரப்படுத்தவும், மற்றதில் மெல்லியதாகப் பூசவும், ஒன்றிரண்டு மணி நேரம் இறுக்கிப் பிடிக்கவும், ஒரு நாள் முழுதும் அதன்மேல் பாரம் ஏற்றாமல் விடவும். முகப்பில் இருப்பது புட்டியின் புகழ், பின்னால் இருப்பது வாங்கியவரின் உழைப்பு. ஒட்டு நிற்பதும் விழுவதும் பின்பக்கத்தைப் பொறுத்தே என்று உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பட்டா முகப்பின் பெயரில் இருப்பது முறையல்ல என்பதே எங்கள் வாதம்.

உங்கள் சரக்கின் வேதியியலே எங்களுக்குச் சாட்சி. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயரும் அவரது குழுவினரும் தொடங்கிவைத்த பாலியூரித்தேன் வேதியியலின் பேரப்பிள்ளை அது. ஐசோசயனேட் என்ற பொருள் புட்டிக்குள் தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. ஈரம் பட்டதும் வினை தொடங்கி, கரியமில வாயு வெளியேறி, பசை நுரைத்து இறுகுகிறது. ஆக, காசு வாங்கிக்கொண்டு நீங்கள் தருவது பாதிப் பசைதான். மீதிப் பாதியான தண்ணீரை வாங்கியவர் தன் வீட்டுக் குழாயிலிருந்து சேர்க்கிறார். இதில் ஒரு வேடிக்கை: கடலோர ஊர்களில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒருமுறை திறந்த புட்டியைச் சரியாக மூடாமல் வைத்தால், சில வாரங்களில் அதன் வாயைத் தானே ஒட்டிக்கொள்ளும். அதன் பலத்துக்கு ஐயமற்ற நிரூபணம் அதுதான். அந்தப் பெருமை மட்டும் உங்களுடையது, மறுக்க மாட்டோம்.

நுரை விஷயத்துக்கு வருவோம்; தவறான நம்பிக்கை விளைவது அங்கேதான். பிதுங்கி வெளியே வரும் நுரையைப் பார்த்து 'அடடா, எவ்வளவு பிடிப்பு' என்று மக்கள் மகிழ்கிறார்கள். மூன்று மடங்கு உப்புவதை ஒரு சிறப்பாகவே நீங்களும் அறிவிக்கிறீர்கள். உப்பியதில் பெரும்பகுதி வாயு. பசையின் அளவு கூடவில்லை, இருந்த பசைக்குள் ஓட்டை கூடியிருக்கிறது. அந்தக் குமிழ்களை வெளியேற்றி, பசையை மெல்லிய அடர்ந்த படலமாக மரத்தின் துளைகளுக்குள் தள்ளுவது அழுத்தம். அந்த அழுத்தம் புட்டியில் வருவதில்லை. கிளாம்ப் உள்ளவர் கிளாம்ப் போடுகிறார். இல்லாதவர் கயிற்றைச் சுற்றிக் குச்சியைச் செருகி முறுக்குகிறார், அல்லது அம்மிக்கல்லையும் அரிசி மூட்டையையும் தூக்கி வைக்கிறார். அரிசி மூட்டையின் படத்தை நீங்கள் முகப்பில் போட்டிருந்தால் இந்த விண்ணப்பத்துக்கே வேலை இருந்திருக்காது.

'நுரை இடைவெளியை நிரப்புகிறதே' என்பீர்கள். நிரப்புகிறது, ஆனால் தாங்குவதில்லை. தளர்ந்த மூட்டில் நுரையை நம்பி உட்காருகிறவர் காற்றை நம்பி உட்காருகிறார். 2007-இல் அமெரிக்காவின் ஃபைன் வுட்வொர்க்கிங் இதழ் பல வகைப் பசைகளால் ஒரே மாதிரி மர மூட்டுகள் செய்து, எந்திரத்தில் வைத்து முறித்துப் பார்த்தது. அந்தப் போட்டியில் பாலியூரித்தேன் கடைசி இடத்தில் நின்றது. தச்சுப் பட்டறையில் வாளியோடு கிடக்கும் வெள்ளைப் பசையின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீர் தாங்கும் ரகம் முன்வரிசையில் இருந்தது. ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது சரி. ஆனால் மரத்தோடு மரம் நெருங்கி உட்காரும் மூட்டுக்கு, உங்கள் சரக்கைவிட மலிவான வெள்ளைப் பசை போதும் என்பதை எந்த நல்ல ஆசாரியும் சொல்வார். நீங்கள் மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் பசை பயனற்றது என்று எங்கள் மனுவில் எங்கும் இல்லை. எண்ணெய்ப் பசை கொண்ட தேக்கில் சில பசைகள் தயங்கும்போது அது பிடிக்கும். கொஞ்சம் ஈரமான மரத்தோடும் ஒத்துப்போகும். கல்லோடு மரத்தையும், உலோகத்தோடு பீங்கானையும் சேர்க்க வெள்ளைப் பசையால் ஆகாது, இதனால் ஆகும். மழையில் நனையும் திண்ணைப் பலகைக்கும் தோட்டத்து நாற்காலிக்கும் இதைப் பரிந்துரைப்பதில் எங்களுக்குத் தடையில்லை. இத்தனை நல்ல வேலைகள் இருக்க, 'இன்னும் பல' என்ற அந்த வால் எதற்கு? நம் வீடுகளில் உடைவது என்ன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: பிளாஸ்டிக் வாளி, குடம், நாற்காலி, டப்பா மூடி. பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன். அவற்றின் வழவழப்பில் உங்கள் பசை பிடிப்பதே இல்லை. இதை நீங்கள் அறிய ஆய்வறிக்கை தேவையில்லை, பசையை எதில் அடைத்து விற்கிறீர்கள் என்று பார்த்தாலே போதும். ஒட்டாத பிளாஸ்டிக்கைத் தேடிப் புட்டி செய்யத் தெரிந்த உங்களுக்கு, ஒட்டாத பொருட்களின் பெயரை முகப்பில் அச்சிடத் தெரியாமல் போனது வியப்பு.

விளம்பரத்தில் மிகை இருக்கத்தானே செய்யும் என்ற பதில் வரும். மிகையை நாங்களும் ரசிப்பவர்களே. ஃபெவிகால் டப்பாவில் தீனி தின்ற கோழி இட்ட முட்டை உடைய மறுத்த விளம்பரத்தை இந்தியாவே பார்த்துச் சிரித்தது. ஆனால் அதை நம்பி முட்டை வாங்கப் போனவர் எவருமில்லை. சிரிக்கவைக்கும் வெளிப்படையான மிகைக்கு, 1985-இல் அமைந்த இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகத்தின் விதிகளே இடம் தருகின்றன. உங்கள் முகப்பு சிரிக்கவைக்கவில்லை. அது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேசுகிறது. எந்த மரம், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணி நேரம் என்று சேர்த்துச் சொல்லாத எண், நகைச்சுவையிலும் சேராது, அறிவியலிலும் சேராது. தவறான எண்ணத்தைத் தரும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. மிரட்டவில்லை, பொது அறிவுக்காகக் குறிப்பிட்டோம்.

பலத்தைக் கொண்டாடும் வேகத்தில் இன்னொன்றும் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் பசைகளில் உள்ள எம்.டி.ஐ. என்ற ஐசோசயனேட் தோலையும் மூச்சையும் ஒவ்வாமைக்குப் பழக்கக்கூடியது. 0.1 சதவீதமோ அதற்குக் கூடுதலாகவோ அது உள்ள பொருளைப் பொதுமக்களுக்கு விற்றால் பெட்டிக்குள் கையுறையும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியது. தொழில்முறையில் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் எட்டாத நாடுகளில் கையுறை போடக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. இறுகிய பசை கையில் பட்டால் எந்தக் கரைப்பானும் உதவாது. தோல் தேய்ந்து போகும்வரை கறுப்பாக நிற்கும். நாய் வளர்க்கும் வீடுகளுக்கு இன்னும் பெரிய ஆபத்து. சிந்திய பசையை நக்கிய நாயின் வயிற்று ஈரத்திலும் அது விதிப்படியே உப்பி, கல்லாக இறுகி, அறுவை செய்து எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த சங்கதி இது. விலங்குப் படம் போட்ட புட்டியில் இந்த விலங்குக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

'யாரும் படிப்பதில்லையே, படிக்காதவருக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்' என்பது உங்கள் கடைசி அரண். படிக்கிறார்கள், ஐயா. முகப்பைப் படித்துத்தான் வாங்குகிறார்கள். படிக்கப்படும் இடத்தில் புகழையும், படிக்கப்படாத இடத்தில் முறையையும் வைத்துவிட்டு வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டதாக வருந்துவது நியாயமா? உண்மையை எழுதினால் விற்பனை குறையும் என்ற அச்சமும் வீண். ஒருமுறை ஒட்டி ஒரு வாரத்தில் விழுந்த கால், அந்த வீட்டில் உங்கள் புட்டிக்குக் கடைசி நாளாகிறது. ஈரம் காட்டி, அழுத்தம் கொடுத்து, ஒரு நாள் பொறுத்து நின்ற கால் அடுத்த புட்டியை வாங்கவைக்கும். வணிகமும் அறமும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம், அதை நழுவவிடாதீர்கள்.

ஆகவே, பின்பக்கத்து நான்கு கட்டளைகளை முகப்புக்கும், முகப்பின் விலங்கைப் பின்பக்கத்துக்கும் இடமாற்றம் செய்து உத்தரவிட வேண்டுகிறோம். எவற்றில் ஒட்டாது என்ற பட்டியலும் ஒரு ஜோடிக் கையுறையும் கூட வந்தால் மகிழ்வோம். தங்கள் பதிலைத் தபாலில் அனுப்புவதானால் உறையை இந்தப் பசையால் ஒட்ட வேண்டாம். காகிதத்துக்கு மைதாப் பசையே போதும்.