கொச்சிக்குப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்புடித் திண்ணையில ஒக்காரு. கொச்சிக்குப் போறியாம்ல? புது பூட்ஸு, கறுப்புக் கண்ணாடி, முதுகுல மூட்டை. நீ காயலப் பாக்கப் போறியா, காயல் ஒன்னயப் பாக்கப் போகுதா?

தண்ணி பாக்கக் காசு செலவழிக்கிறது நம்மூர்க்காரனுக்குத் தப்பே இல்ல. திண்டுக்கல்லுக்குப் பொண்ணு குடுக்க யோசிச்ச காலத்து ஆளு நான். கொடத்த வரிசையில வச்சுட்டுப் போயி ஒரு கல்யாணத்துல பந்தி முடிச்சு, வெத்தல போட்டு வந்தாலும் கொடம் நின்ன எடத்துலயே நிக்கும். அதனால தாராளமாப் போ. ஆனா ஒட்டன்சத்திரம் சந்தையில முருங்கக்கா லாரி ஏறி எறணாகுளம் பாத்துட்டு வந்தவன் சொல்றேன், கேட்டுக்க.

மரைன் டிரைவுன்னு ஒண்ணு இருக்கு. பேருல டிரைவு இருக்கேன்னு வண்டிய விட்டுறாத. அது காலாற நடக்குற கரை. எதுக்க தெரியறத கடலுன்னு நெனச்சு ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பாத. அது காயல். கடல் தீவுகளுக்கு அங்கிட்டு இருக்கு.

எங்க லாரி சந்தை வாய்க்கா ஓரமா நின்னுச்சு. விடியக்காலம். எறங்குன வேகத்துல ஒத்தச் செருப்பு தண்ணிக்குள்ள போயிருச்சு. ஓடுற தண்ணி கடலப் பாத்துத்தான போகணும்? நானும் காயல் பக்கமா ஓடிப் போயி, குத்தவச்சு, கையை நீட்டிக்கிட்டு இருக்கேன். செருப்பு எனக்குப் பின்னாடி, ஊருக்குள்ள போயிக்கிட்டு இருக்கு! சுமை தூக்குறவரு சிரிச்சே செத்தாரு. கடல் ஏறுனா வாய்க்கா பின்னாடி ஓடுமாம், எறங்குனா முன்னாடி ஓடுமாம், தெனம் ரெண்டு தடவ. நம்ம குடகனாத்துக்கு ஒரே தெசதான், அதுவும் தண்ணி வந்தாத்தான்.

இப்ப வாட்டர் மெட்ரோ விட்டுருக்காய்ங்க, 2023 ஏப்ரல்லருந்து. அந்த ஊரு கப்பல் கட்டுற எடத்துலயே செஞ்ச படகு. பேட்டரியில ஓடுது, ஏசி, நூறு பேரு போகலாம். சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிற நம்ம வித்தை அங்க செல்லாது, மானத்த வாங்காத. ஏறுற துறையே மிதக்குதுடா. தண்ணி ஏறுனா துறையும் ஏறும், எறங்குனா கூடவே எறங்கும். நம்மூரு டவுன் பஸ்ஸு படிக்கட்டுக்கு எந்தக் காலத்துல இந்த மரியாதை வந்துச்சு?

போர்ட் கொச்சியில சீன வலை பாப்ப. ஒண்ணும் மெரளாத, நம்ம ஏத்தத்தோட பெரியப்பன் அது. ஒரு பக்கம் வலை, மறு பக்கம் கயித்துல கோத்த பாறாங்கல்லு. நாலஞ்சு பேரு தொங்கி இழுத்தா வலை மேல வரும். உள்ள உள்ளங்கையளவு மீனு துள்ளும். கீழ பூனை ஒண்ணு கணக்குப்புள்ள மாதிரி ஒக்காந்திருக்கும். “நீங்களும் இழுங்க”ன்னு ஒன்னயக் கூப்புட்டா, இழுக்க முன்னாடி சட்டப்பைய தொட்டுப் பாத்துக்க.

அந்தத் துறைமுகத்த இப்ப இருக்குற மாதிரி ஆக்குனவன் பிரிஸ்டோன்னு ஒரு வெள்ளக்காரன். 1920-ல வந்தான். முகத்துவாரத்த அடைச்சுக் கெடந்த மணல் திட்டை வெட்டி 1928-ல கப்பல உள்ள விட்டான். தோண்டுன மண்ணக் கொட்டி வில்லிங்டன் தீவையே உண்டாக்குனான். நம்மூருலயும் கம்மா தூர்வாருறாய்ங்க. அந்த மண்ணு ராத்திரியோட ராத்திரியா எங்க தீவாகுதுன்னுதான் தெரியல.

இன்னொண்ணு, இதான் முக்கியம். 1341-ல பெரியாத்துல வெள்ளம் வந்து முசிறி தூந்து கொச்சி வாய் தொறந்துச்சுன்னு சொல்லுவாய்ங்க. அந்தப் பெரியாறுதான் 1895-ல பென்னிகுக் கட்டுன அணையில மறிஞ்சு, மலையக் கொடஞ்சு, வைகையில விழுந்து, நம்ம நெலக்கோட்டை பக்கம் பேரணையில வாய்க்காலாப் பிரியுது. இங்கிட்டுத் திரும்பாத பங்கு ஆலுவா வழியா அங்க போகுது. ஆக, நீ போறது பங்காளி வீடு. டீக்கடையில ஒக்காந்து அணை பேச்ச எடுத்துறாத. அணை நீர்மட்டச் சண்டையில வர்ற 142-ங்கற நம்பர வாயால சொல்லாத, நீ ஏற வேண்டிய பஸ்ஸு நம்பரா இருந்தாலும் சரி.

போறப்ப தண்ணி பாட்டில் எடுத்துக்க. சிரிக்காத. சுத்தித் தண்ணியாக் கெடக்கேன்னு அன்னிக்கு வாய் கொப்பளிச்சேன், ஒரே உப்பு. அக்கரையில வைப்பின் தீவுக்காரவுக குடிதண்ணிக்காக ரோட்டுல எறங்கிப் போராடுனவுக. படகுல போயி எறங்குனா லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடந்த பிளாஸ்டிக் கொடம், செவப்பு, பச்சை, நீலம். எனக்கு சொந்த ஊருக்கு வந்த மாதிரி கண்ணு கலங்கிருச்சு. ஒரு அம்மாகிட்ட “வரிசை எப்ப நகரும்”னு கேட்டேன். அந்தம்மா என்னய ஏற எறங்கப் பாத்துச்சு. பாஷ புரியலையா, ஒத்தக் கால்ல செருப்போட நின்னதப் பாத்துச்சான்னு தெரியல.

சரி, நேரமாச்சு, கெளம்பு. சந்தை வாய்க்காப் பக்கம் போனா கொஞ்சம் குனிஞ்சு பாரு. டயர் வாரு வச்ச செருப்பு, எடது கால். தண்ணிதான் தெனம் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வருதே. கண்டா எடுத்துட்டு வா. சோடி இன்னும் பரண்லதான் கெடக்கு.