அட்மின் அண்ணன்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பாதிப் பேர் கோவில் கமிட்டிக்குப் போவார்கள், மீதிப் பேர் கணக்குத் தணிக்கைக்கு. இரண்டிலும் இடம் கிடைக்காதவர் கையில் ஊர் ஒரு லேப்டாப்பைத் திணித்து, "அண்ணே, நம்ம வெப்சைட்ட நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிடும். அன்றிலிருந்து அவர் அட்மின் அண்ணன்.

கோவிலூரில் நான் பார்த்த அட்மின் அண்ணன் பங்காளிகள் தளம் ஒன்றைக் காத்துவருகிறார். (அவர் வீடு எது என்று தேடிப் போகாதீர்கள். நாலைந்து அண்ணன்மார்களைச் சேர்த்து எழுதியதுதான் இது.) திருவிழா அறிவிப்பு, மணிவிழாப் படங்கள், இரங்கல் செய்தி, முன்னோர் படைப்புக்கு வசூலான வரி என்று தளத்தில் எல்லாம் உண்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற உறவுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று அவர் நம்புகிறார். அவர்கள் இரங்கல் செய்தியை மட்டும் பார்க்கிறார்கள்.

அண்ணனுக்குத் தளத்தில் எழுதுவது வேலை இல்லை. எழுதும் கருவியைப் பற்றிப் பேசுவதுதான் வேலை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை, தளம் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளின் பதிப்பு எண்களை வைத்தே எழுதிவிடலாம்.

2018 டிசம்பர் 6 வரை அவர் நிம்மதியான மனிதர். பழைய எடிட்டர் ஒரு வெள்ளைத்தாள். மேலே தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று பத்துப் பதினைந்து பொத்தான்கள், கீழே எழுத இடம். வங்கியில் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்த மாதிரியே தட்டிவிட்டுப் போவார். அந்த டிசம்பர் 6 அன்று வேர்ட்பிரஸ் 5.0 வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுக்காரர் குட்டன்பர்க்கின் பெயரில் ஒரு புது எடிட்டர் அதோடு வந்து இறங்கியது. இனிமேல் ஒரு பத்தி ஒரு பிளாக், ஒரு படம் ஒரு பிளாக், தலைப்பு ஒரு பிளாக். எதைப் போடுவதென்றாலும் ஒரு கூட்டல் குறியை அமுக்கி, "எனக்கு இன்ன பிளாக் வேண்டும்" என்று கேட்டு வாங்க வேண்டும்.

"நாப்பது வருசம் மத்தவன் கடனுக்கு அப்ளிகேஷன் போட்டான், நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப ஒரு பத்தி எழுதுறதுக்கு நான் அப்ளிகேஷன் போடணுமா?" என்றார் அண்ணன்.

இந்தக் கோபத்தில் அவர் தனி ஆள் இல்லை. உலகம் முழுக்க இதே புலம்பல்தான். அதற்குப் பரிகாரமாக 'கிளாசிக் எடிட்டர்' என்ற பழைய எடிட்டரையே ஒரு செருகுநிரலாகக் கொடுத்தார்கள். 2021 முடியும்வரைதான் அதைப் பராமரிப்போம் என்று முதலில் சொன்னவர்கள், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைப் பிடித்துக்கொண்டு விடாததைப் பார்த்து, தேவைப்படும்வரை இருக்கட்டும் என்று இறங்கி வந்தார்கள். அண்ணன் அதைத் தொடக்கத்திலேயே நிறுவிவிட்டு, போராட்டத்தைத் தானே நடத்தி வென்றமாதிரி ஒரு வாரம் ஊருக்குள் நடந்தார்.

பிறகு சிங்கப்பூரில் இருக்கிற தம்பி விடுமுறைக்கு வந்து, "இன்னும் இதையா வச்சிருக்கீங்க" என்று செருகுநிரலைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனான். போகிற அவசரத்திலும் ஒன்று சொன்னான்: "அண்ணே, நம்ம வீட்ட நெனச்சுக்குங்க. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தனித்தனி. பத்திய வளவுல வைங்க, படத்த முகப்புல வைங்க. பிடிக்கலையா, இழுத்து மாத்திக்குங்க." அண்ணனுக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. பரம்பரை வீட்டில் ஒரு தூணை நகர்த்த வேண்டும் என்றாலும் பதினேழு பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கே இரங்கல் செய்தியைத் தூக்கி மணிவிழாவுக்கு மேலே வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்று இரவு பன்னிரண்டு மணிவரை பிளாக்குகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏங்க, ஏதாச்சும் எழுதுறீகளா?" என்று கேட்டார். "ஒழுங்குபடுத்துறேன்" என்று பதில் வந்தது.

சோதனை 2020 மார்ச் 31 அன்று வந்தது. நாடு முழுக்க ஊரடங்கு, வாசல் தாண்ட முடியாது. அந்த நாளில்தான் வேர்ட்பிரஸ் 5.4 வெளியானது. எழுதுகிறவரின் கவனம் சிதறக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எடிட்டர் இனி முழுத்திரையில்தான் திறக்கும் என்று வைத்துவிட்டார்கள். இடது பக்கத்துப் பட்டியல் மொத்தமும் காணோம். வெளியே வருவதற்கு இடது மேல் மூலையில் இருக்கிற சின்ன டபிள்யூ-வை அமுக்கினால் போதும், ஆனால் அது வாசல் என்று யாரும் பலகை வைக்கவில்லை. அண்ணன் தன்னைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றே முடிவு கட்டினார். சிங்கப்பூருக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து, "யாரு புகார் கொடுத்தா? அத மட்டும் சொல்லு" என்றார். கோவிலூர் வேதாந்த மடத்துக்குப் பேர்போன ஊர். காண்பதெல்லாம் மாயை என்று பாடம் நடக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மெனு மறைந்ததற்கு ஒரு மனிதர் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

என்னைக் கேட்டால் அந்த மாற்றத்தில் தவறு முழுக்க அண்ணன் பேரில் இல்லை. எழுதுவதை எளிதாக்குகிறேன் என்று வருகிறவர்கள், எழுதிக்கொண்டிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆனால் எந்தக் கருவியையும் தன் குணத்துக்கு வளைத்துக்கொள்ளும் திறமை அண்ணனுக்கு உண்டு. 'திருத்தங்கள்' என்ற பகுதியைக் கண்டுபிடித்ததும் அது தெரிந்தது. ஒரு பதிவில் யார் எப்போது எதை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழைய வடிவத்தைச் சேமித்து வைக்கும். நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். எண்ணிக்கைக்கு வரம்பு நாமாக வைத்தால்தான் உண்டு. அண்ணன் 'கும்பாபிஷேகம்' என்று எழுதினார். சிங்கப்பூர்த் தம்பி தமிழ்ப்பற்றோடு 'குடமுழுக்கு' என்று மாற்றினான். அண்ணன் காலையில் எழுந்து காபிக்கு முன்னால் திரும்பவும் 'கும்பாபிஷேகம்' ஆக்கினார். அந்த ஒரு பதிவின் திருத்தப் பட்டியல் ஒரு வம்சாவளி அளவுக்கு நீளம். இடையில் கோலாலம்பூர் அம்மான் ஒரே ஒரு 'ப்' சேர்த்திருக்கிறார். அதை இரண்டு தரப்பும் தங்களுக்கு ஆதரவு என்று சொல்லிக்கொள்கின்றன.

இப்படிச் சேர்த்து வைப்பதில் அண்ணனுக்கு ஒரு முன்னோடி உண்டு. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதியவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்த தாள்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, இன்று அது சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம். அண்ணன் இவர் பேரை அடிக்கடி எடுப்பார். "நானும் ஒரு எழுத்தையும் விடாமச் சேத்து வக்கிறேன்ல" என்பார். சேர்த்து வைப்பது உண்மைதான், எல்லாம் ஒரே அறிவிப்பின் வெவ்வேறு வடிவங்கள்.

2025 டிசம்பர் 2 அன்று 6.9 பதிப்பு வந்தது. அண்ணனின் பொற்காலம் அன்று தொடங்கியது. அதில் இரண்டு வசதிகள். ஒன்று, எந்தப் பிளாக்கையும் அழிக்காமல் மறைத்து வைக்கலாம். அன்று மாலையே தம்பியின் வரவேற்புரை தளத்திலிருந்து காணாமல் போனது. கேட்டால், "அழிக்கலையே, மறைச்சுத்தான் வச்சிருக்கேன், பத்திரமா இருக்கு" என்கிறார். இரண்டாவது, ஒவ்வொரு பிளாக்கின் ஓரத்திலும் குறிப்பு எழுதலாம். குறிப்புக்குப் பதில் போடலாம், பேசி முடிந்ததும் 'தீர்ந்தது' என்று குறித்து மூடலாம். பதிவை எழுதியவருக்கு மின்னஞ்சலும் போகும். வங்கிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? தணிக்கை மொழி தானாக வந்துவிட்டது. "இப்படம் யார் அனுமதியுடன்?", "வரித் தொகை சரிபார்க்கவும்", "அம்மான் பெயருக்கு முன் 'திரு' விடுபட்டுள்ளது." சிங்கப்பூரில் நள்ளிரவில் தம்பியின் செல்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

'தீர்ந்தது' என்பதை இதுவரை யாரும் அமுக்கவில்லை. நம் குடும்பங்களில் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

இத்தனை வசதிகளுக்கு நடுவே இந்த ஆண்டுத் திருவிழா அறிவிப்பு வரைவாகவே இருந்தது. தேர் ஓடி நிலைக்கும் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வழக்கம்போல வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஃபிளெக்ஸ் போர்டு படத்தைப் பார்த்துத்தான் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் கலங்கவில்லை. அடுத்த பதிப்பில் இருவர் ஒரே நேரத்தில் எழுதும் வசதி வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது வந்தால் 'கும்பாபிஷேக'மும் 'குடமுழுக்கு'ம் ஒரே கணத்தில் மோதும்.

உங்கள் ஊர்த் தளத்துக்கும் ஓர் அட்மின் அண்ணன் இருப்பார். அவரை மாற்ற நினைக்காதீர்கள், சம்பளம் வாங்காமல் இவ்வளவு நேரம் உட்கார இன்னொருவர் கிடைக்கமாட்டார். இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் ஆச்சி கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, இன்னொருவர் பேரிலும் ஓர் அட்மின் கணக்குத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். பாஸ்வேர்டு அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.