45 டிகிரிக்காரர்

45 டிகிரிக்காரர் தொழில்முறைத் தச்சர் அல்லர். வார நாட்களில் வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காதில் பென்சில் ஏறும். மரத்தோடு மரத்தைச் சேர்க்க ஆயிரம் வழி இருக்க, அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். பலகைகளின் விளிம்பை முழு நீளத்துக்கும் 45 டிகிரி சரித்து அறுத்து, மூலையில் ஒட்டு இருப்பதே தெரியாதபடி ஒட்டவேண்டும். மர ரேகை மூலையில் திரும்பி அடுத்த பலகையில் தொடரவேண்டும்.

அவரது துன்பம் கணக்கில் தொடங்குகிறது. நாலு மூலைப் பெட்டிக்கு 8 வெட்டு. ரம்பம் அரை டிகிரி ஏய்த்தால் மொத்தம் 4 டிகிரி. முதல் மூன்று மூலைகள் சமர்த்தாகச் சேர்ந்துவிடும். நாலாவது வாயைப் பிளக்கும். அதனால் ரம்ப மேஜையில் பொறித்திருக்கும் அளவை அவர் நம்புவதில்லை. டிஜிட்டல் கோணமானி வாங்குவார், அதையும் நம்பமாட்டார். கடைசியில் இரண்டு துண்டை அறுத்துச் சேர்த்து, மூலைமட்டம் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நம்பத்தகுந்த சோதனை இதுதான். சோதனையிலேயே பலகை தீர்ந்துபோவது வேறு விஷயம். கோணம் சரியாக இருந்தும் மூலை சேராவிட்டால், எதிரெதிர்ப் பலகைகள் நீளத்தில் அரை நூல் பிசகியிருக்கும். அன்று வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஒட்டும் நாள் இன்னும் விசேஷம். பலகைகளை வெளிமுகம் மேலாக, முனையோடு முனை முட்ட வரிசையாகப் படுக்கவைத்து, அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப்பை இழுத்து ஒட்டுவார். அப்படியே புரட்டினால் மூட்டுக்கு மூட்டு முக்கோணப் பள்ளம். அதில் ஃபெவிகால் தடவவேண்டும். குறுக்கே அறுத்த முகம் பசையைக் குடித்துவிடும் என்பதால் மெல்லிசாக ஒரு பூச்சு, அது ஊறியதும் இன்னொரு பூச்சு. பிறகு பலகைகளைப் பாய்போலச் சுருட்டி முதல் முனையையும் கடைசி முனையையும் சேர்த்தால், இழுபட்ட டேப்பே கிளாம்ப் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளக்கவேண்டிய அந்த நிமிஷத்தில்தான் “என்னங்க, காஸ்காரர் வந்திருக்காரு” என்று குரல் வரும்.

பசை காய்ந்து டேப்பை உரித்த பிறகும் மயிரிழை இடைவெளி இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. ஸ்க்ரூடிரைவரின் உருண்டைத் தண்டால் மூலையை இருபுறமும் அழுத்தித் தேய்த்தால் மரநார் மடிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். இதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். ஆசாரிகள் பகிரங்கமாகவே செய்வார்கள்.

வெளியிடங்களில் இவரை அடையாளம் காண்பது சுலபம். கிரகப்பிரவேச வீட்டில் எல்லோரும் சாமி படத்தைக் கும்பிட, இவர் சட்டத்தின் மூலையை நகத்தால் நெருடிக்கொண்டிருப்பார். “மெஷின்ல அறுத்தது” என்று தீர்ப்பும் சொல்வார், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

அஞ்சறைப்பெட்டி அவசரமாக வேண்டுவோர் இவரிடம் சொல்லவேண்டாம். பாத்திரக்கடையில் எவர்சில்வரில் கிடைக்கிறது. அது வட்டமாக இருப்பதால் மூலைப் பிரச்சினையும் இல்லை.