சதவீதச் சித்தர்

தாம்பரத்தில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் ஒரு சதவீதச் சித்தர் இருப்பார். வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்து ஓய்வு பெற்றவர். காலை நடை முடிந்து, பால் பாக்கெட்டும் கையுமாக வாட்ச்மேன் நாற்காலியில் உட்காருவார். ஒன்பது மணி வரை வாட்ச்மேன் நின்றுகொண்டிருப்பார்.

நமக்குத் தெரு என்றால் பிள்ளையார் கோயிலோ டாஸ்மாக்கோ அடையாளம். அவருக்கு வாக்காளர் பட்டியலின் பாகம் எண்தான். "அந்தத் தெருவா? ஸ்கூல்ல ரெண்டாவது பூத்து. முன்னெல்லாம் இலைக்குத்தான் குத்துவான். அபார்ட்மென்ட் வந்தப்புறம் எவன் எதுல குத்துறான்னே தெரியல." தேர்தல் ஆணையம் பூத் வாரியாக வெளியிடும் படிவம் 20-ஐ, மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற ஆர்வத்தோடு படிப்பவர் அவர். எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால்கூட, பதில் வணக்கத்துக்கு முன் அந்த வீட்டின் நான்கு ஓட்டையும் மனதுக்குள் ஒரு கட்சிக்கு எழுதிவிடுவார்.

ஓட்டுப்பதிவு ஏன் குறைகிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. 2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தல் சனிக்கிழமை: "லீவு நாள்ல எவன் சார் வருவான்?" 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வெள்ளிக்கிழமை: "மூணு நாள் சேர்ந்தா ஊருக்குக் கிளம்பிடுவான்." 2021 சட்டமன்றத் தேர்தல் செவ்வாய்க்கிழமை: "திங்கக்கிழமை ஒரு லீவு போட்டா போதுமே!" எந்தக் கிழமையில் தேர்தல் வைத்தாலும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்.

அவருடைய பெரிய கோட்பாடு வேறு. 2022-இல் தமிழகப் பேரூராட்சிகளில் பதிவானது 74.68 சதவீதம், நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22. சென்னையில் வெறும் 43.59. "போர்டு பெரிசாக ஆக ஓட்டு சிறுக்கும் சார்!" தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் சிட்லப்பாக்கம் மாதிரி ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து, 70 வார்டுகளோடு மாநகராட்சி ஆக்கியது 2021 நவம்பரில். மூன்றே மாதத்தில் தேர்தல். அந்தப் பலகையை மாட்டாமல் இருந்திருந்தால் நம் ஜனங்கள் வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது அவர் கட்சி. உண்மையில், சின்ன ஊரில் வேட்பாளர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ கடன் கொடுத்தவராகவோ இருப்பார், போகாமல் தப்ப முடியாது. அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே நமக்குத் தெரியாது, இதில் கவுன்சிலரை எங்கே தெரியப்போகிறது? ஆனால் இதைச் சொன்னால் பேச்சு நீளும், பால் கெட்டுவிடும்.

2024-இல் அவர் பட்ட வேதனை தனிக்கதை. வாக்குப்பதிவன்று மாலை தமிழகத்துக்கு 72.09 என்றார்கள். பிறகு 69.46 என்றார்கள். கடைசியில் 69.72-இல் வந்து நின்றது. "ராத்திரியோட ராத்திரியா ரெண்டரை சதவீதம் எங்கே போச்சு?" என்று ஒரு வாரம் லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லாம் கேட்டார். நாலாவது மாடிக்காரர்கள் படியேறப் பழகிக்கொண்டார்கள்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவத்தோடு, வாக்குச்சாவடி நிலை அலுவலரான ஒரு அம்மா வந்தார். சித்தர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் போக்கு பற்றி அரைமணி நேரம் விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"சரி சார், உங்க பாகம் எண், வரிசை எண் சொல்லுங்க."

"எந்தத் தெருவுக்கும்மா?"

"உங்களுக்கு சார்."

உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார்: "அவருக்கு ஓட்டு இங்கே ஏதும்மா? கும்பகோணத்துல இருக்கு. வந்து இருபது வருஷமாச்சு, மாத்துங்கோன்னா கேட்டாத்தானே!"

சித்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொந்த ஊர் ஓட்டையும் அவர் போட்டதில்லை. 2024-இல் கிளம்பத்தான் செய்தார். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து, பதிவு சதவீதத்தை டிவியில் பார்த்தார். 2022-இல் அதுவும் இல்லை. கும்பகோணம் கவுன்சிலர் வந்து தாம்பரத்துச் சாக்கடையை அள்ளப்போகிறாரா என்ன? அந்தச் சாக்கடையைப் பற்றித்தான் மாநகராட்சிக்கு வாரம் ஒரு புகார் எழுதுகிறார், கீழே "விழிப்புள்ள வாக்காளர்" என்று கையெழுத்திட்டு.

அவரைச் சொல்லிப் பயனில்லை. தெற்கிலிருந்து ரயிலேறி வந்து குடியேறியவர்களால் நிறைந்த ஊர் இது. வீட்டு வரி இங்கே, குடும்ப அட்டை இங்கே, ஓட்டு மட்டும் குலதெய்வத்தோடு ஊரிலேயே தங்கிவிட்டது. மேயரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சிலருக்குப் போடும் அந்த ஒரு ஓட்டும் இங்கே இல்லையென்றால் இந்த ஊருக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை தண்ணீர் லாரியோடு சரி.

2022 மார்ச்சில் பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வீடு மாறியவர்கள் ஓட்டை மாற்றிக்கொள்ளப் படிவம் 8 இருக்கிறது. உங்கள் அடுக்ககத்துச் சித்தரிடம் எடுத்துச் சொல்லுங்கள். படிவத்தின் எண்ணைச் சொல்ல வேண்டாம், அது அவருக்குத் தெரியும்.